பந்துகள் இறங்காத வருடம்

ஊசிக்கொம்பை கோல்ஃப் மைதானத்தில் கிருபாகரன் அடித்த பந்துகள் மேலே போய் மேலேயே நின்றுவிட்ட அந்த வருடத்தில்தான் சந்தைக்கடைப் பாலத்தை இடித்தார்கள், சபைக்குப் புது மைக் செட் வந்தது, கேரட் விவசாயி போஜனின் மருமகளுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது. அதனால் இன்றைக்கு ஊரில் யாரைக் கேட்டாலும் அதைப் பந்து நின்ற வருஷம் என்று சொல்ல மாட்டார்கள், பாலம் இடித்த வருஷம் என்றுதான் சொல்வார்கள். பாலம் இல்லாமல் எட்டு மாதம் சுற்றுவழியில் நடந்தவர்களுக்கு ஆகாயத்தில் என்ன நின்றால் என்ன, நீங்களே சொல்லுங்கள்.

கிருபாகரன் கிளப்பில் ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறவர். ஐம்பத்து நாலு வயது, ஒடிசலான உடம்பு, அதிராத பேச்சு. அதோடு சென்னையிலிருந்து வரும் ஒரு விளையாட்டுப் பத்திரிகைக்காக, கம்பெனிக்காரர்கள் வருடம் முழுக்க வெளியிடும் புது மட்டைகளையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்து, மார்கழி முடியும்போது எது உசத்தி எது சுமார் என்று ஒப்பிட்டு எழுதுவது இருபது வருடமாக அவர் வேலை. அமெரிக்காவின் கார்வர் கம்பெனிக்காரன் தை பிறந்ததும் ஒரு மட்டை விடுவான், போன வருடத்ததைவிடப் பத்து கஜம் கூடுதலாகப் போகும் என்பான். ஆடிக்குள் அதே மட்டைக்கு நீலத்துக்குப் பதில் சிவப்பைப் பூசி இன்னொன்று விட்டு, அதற்கும் ஒரு பத்து கஜம் என்பான். ஜப்பானின் ஹோஷினா வருடத்துக்கு ஒன்றுதான், அதையும் கல்யாணப் புடவை மாதிரி மூன்று உறைக்குள் சுற்றி அனுப்பிவிட்டு, தூரத்தைப் பற்றி வாயே திறக்காமல், அடிக்கும்போது எழும் சத்தத்தைக் கேளுங்கள் என்பான். கோயம்புத்தூரில் பம்பு செட் செய்துகொண்டிருந்துவிட்டு மட்டைக்கு வந்த செல்லாண்டி கம்பெனிக்காரர்கள் பொங்கலுக்கு வருகிறது என்று சொல்லிவிட்டுக் கார்த்திகையில் கொண்டுவந்து இறக்குவார்கள், பெயிண்ட் காயாமல் கையில் ஒட்டும். இவர்கள் இருபது வருடமாகக் கூட்டிக்கூட்டிச் சொன்ன கஜங்களையெல்லாம் நம்பினால் இங்கே அடித்த பந்து மேட்டுப்பாளையம் ஸ்டேஷனைத் தாண்டி விழுந்திருக்க வேண்டும், ஆனால் அது விழுவதென்னவோ எப்போதும் போஜனின் கேரட் காட்டு வேலியோரம்தான் என்று கிருபாகரனின் மனைவி ஜெபராணி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் பந்து விழுவதைப் பார்க்கிறவள் அவள்தான். இந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு, தெரியாதவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்: தன் அடியைத் தானே எண்ணிக்கொள்ளக் கூடாது. என் அடியை எழுதும் கார்டு உன் கையில், உன் கார்டு என் கையில். நான் அடித்ததை நீ பார்த்து, வெட்டவெளியில் போனாலும் சரி குட்டையில் விழுந்தாலும் சரி, உனக்கு ஒன்று என்று சொன்னால்தான் எனக்கு ஒன்று. சொல்லாதவரை அடி அடியில்லை, ஆட்டமும் முடியாது. மட்டை பார்க்கும் வேலையில் சேர்ந்து ஆட யாரும் வர மாட்டார்கள் என்பதால் கிருபாகரனுக்கு அந்த எண்ணுகிற ஆளாக இருபது வருடமும் ஜெபராணிதான் இருந்தாள். அவளுக்குப் பால் சொசைட்டியில் வேலை. காலையில் வருகிறவர்களின் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் மானியை விட்டு, வரிசையில் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி அளவைச் சொல்லுகிறவள், அதனால் வேகமான வாய், தப்பாத கண். பிற்பகல் மூன்று மணிக்குப் பிளாஸ்க்கில் டீயோடு வந்து, கவிழ்த்துப்போட்ட பால் கிரேட்டின் மேல் உட்கார்ந்து, "ஒன்னு, எரநூத்திப் பத்து. ரெண்டு, எரநூத்தி எட்டு. மூணு, வேலில பட்டுது" என்று சொசைட்டி வேகத்தில் சொல்லிக்கொண்டே போவாள், அவர் திரும்பிப் பார்க்காமல், "மெதுவாச் சொல்லு ராணி, எழுத வேண்டாமா" என்பார். அவள் ஒருநாளும் மெதுவாகச் சொன்னதில்லை.

அந்தத் தை மாதம் கார்வரின் நீல மட்டை வந்த வாரம், ஒரு பிற்பகல், அவர் இன்னும் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, ஜெபராணிக்கு என்ன தோன்றியதோ, கிரேட்டிலிருந்து எழுந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மூலையில் கிடந்த, கம்பெனிப் பெயர்கூடத் தேய்ந்து மறைந்துபோன ஒரு பழைய மட்டையை எடுத்தாள். இருபது வருஷம் உங்களுக்கு எண்ணியாயிற்று, இன்றைக்கு எனக்கு நீங்கள் எண்ணுங்கள் என்றாள். மஞ்சள் பூத்து, கன்னத்தில் வெட்டுப்பட்ட ஒரு பழைய பந்தை வைத்து, கிணற்றில் வாளி விடுகிறவள் மாதிரி கால்களை அகட்டி நின்று, ஒரே வீச்சு. பந்து பனிக்குள் ஏறிப்போனது. அது எங்கே விழுகிறது என்று பார்ப்பதற்குள் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"ஐயோ, அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டேன். எங்க விழுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க, என்ன" என்றாள், சொல்லிக்கொண்டே மைதானத்து ஓரத்தில் இருந்த அவர்கள் குவார்ட்டர்ஸைப் பார்த்து வேகமாக நடந்தாள்.

அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பனி விலகிற்று, பந்து தெரிந்தது, போஜன் காட்டு வேலிக்கு இந்தப் பக்கம், இரண்டு தென்னை உயரத்தில், இறங்காமல் நின்றது. இறங்கட்டும், போய்ச் சொல்லலாம் என்று அவரும் நின்றார். டீ ஆறிப்போனது. கடைசியில், அப்புறம் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனபோது பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது, ஜெபராணி அடுப்படியில் ஒருக்களித்துக் கிடந்தாள், மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். அடுப்பு அணைந்தது முன்னாலா அவள் விழுந்தது முன்னாலா என்று அவருக்குக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

அவர் அழவில்லை. அடக்கத்தன்றும் அழவில்லை, மூன்றாம் நாள் ஜெபத்திலும் அழவில்லை. யாரோ தூரத்து உறவினர் வீட்டு விசேஷத்துக்கு வந்தவர் போல ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். உப்புப் போடாத கஞ்சியைக் கொடுத்தால் குடித்தார், இரண்டு தரம் உப்புப் போட்டதையும் குடித்தார். ஒருநாள் கொதிக்கிற கெண்டியைப் பிடித்துக் கை வெந்ததை வாசனை வந்த பிறகுதான் பார்த்தார். அடுத்த வீட்டிலிருந்த கொழுந்தியாள் செல்வமேரி, பள்ளிக்கூடத்தில் சத்துணவு பார்க்கிறவள், அக்கா போன துக்கத்தோடு இந்த மனிதரையும் பார்த்துப் பார்த்துப் பாதியாகிப்போனாள். ஒருநாள் தாங்க மாட்டாமல், அத்தான், ஒரு தடவை வாய்விட்டு அழுதுவிடுங்கள், நெஞ்சடைத்து நீங்களும் போய்விடாதீர்கள் என்றாள். அழலாம் மேரி, ஆனால் அவள் ஒன்று கேட்டுவிட்டுப் போனாள், அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்றார். அவர் சொன்னது அவளுக்குப் புரியவில்லை. பந்து இன்னும் விழவில்லை, ஆகவே ஆட்டம் இன்னும் முடியவில்லை, ஆட்டம் முடியாமல் யாரும் மைதானத்தை விட்டுப் போய்விட முடியாது, இதுதான் அவர் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பத்தாம் நாள் கார்வர் மட்டையை எடுத்துக்கொண்டு போய் அடித்தார். பந்து ஏறி, உச்சிக்குப் போய், அங்கேயே நின்றது. இன்னொன்று அடித்தார், அதன் பக்கத்தில் போய் நின்றது. ஒரு கூடை பந்தும் அடித்து முடித்தபோது மைதானத்துக்கு மேலே நீலவானத்தில் முட்டைத் தட்டு மாதிரி வரிசையாக நின்றன. மற்ற உறுப்பினர்கள் அடித்த பந்துகள் வழக்கம் போல மேலே போய்க் கீழே வந்து புதரில் தொலைந்தன. அவர் அடித்தவை மட்டும் வரவில்லை. அவருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கீழே வந்தால் மட்டும் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்து மட்டையைத் துடைத்து வைத்தார்.

ஊர் முதல் இரண்டு நாள் அண்ணாந்து பார்த்தது, மூன்றாம் நாள் கழுத்து வலித்தது, நாலாம் நாளிலிருந்து உபயோகம் தேட ஆரம்பித்துவிட்டது. காக்கைகள்தான் முதலில் கண்டுபிடித்தன, பந்துக்கு ஒன்றாக உட்கார்ந்து வெயில் காய்ந்தன. அப்புறம் மினிபஸ் கண்டக்டர், கிளப் ஸ்டாப் என்பதை விட்டுவிட்டுப் பந்து ஸ்டாப் என்று டிக்கெட் கிழித்தார். காலைப் பனி அந்தப் பந்துகளில் படிந்து, சொட்டுச் சொட்டாகத் திரண்டு, பத்து மணி வரை கீழே தூறலாக விழுந்துகொண்டிருந்தது. அது காற்றில் சாய்ந்து விழுந்தது போஜனின் காட்டில். மாசியிலும் பங்குனியிலும் ஊரே தண்ணீருக்குத் தவித்தபோது போஜன் காட்டில் மட்டும் கேரட் முழங்கை நீளத்துக்கு இறங்கியது. அதைப் பார்த்துப் பக்கத்துக் காட்டுக்காரர்கள் வந்து, சார், கொஞ்சம் மேற்கே பார்த்து அடித்தீர்களானால் எங்களுக்கும் ஆகும் என்று கேட்டுக்கொண்டார்கள். அவரும் மறுக்காமல் கொஞ்சம் மேற்கே அடித்தார். சபையில் பாஸ்டர் இதை அடையாளம் என்றார், மாரியம்மன் கோயில் பூசாரி இதுவும் ஒரு காற்றுதான் என்றார், வானிலை ஆபீஸிலிருந்து வந்தவர் டீ குடித்துவிட்டு, கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அதிகமாகச் சந்தோஷப்பட்டது பத்திரிகை ஆசிரியர் நந்தகோபால்தான். இத்தனை வருடமாக எழுத்தில் ஒப்பிட்டதை இப்போது எவனும் அண்ணாந்து பார்த்தே தெரிந்துகொள்ளலாமே சார் என்று போனில் குதித்தார். உண்மைதான், ஒவ்வொரு கம்பெனியின் பந்தும் ஒவ்வொரு உயரத்தில் நின்றது. கார்வரின் நீல மட்டை அடித்தவை உச்சியில், ஆடியில் வந்த சிவப்பு மட்டை அடித்தவை, பத்து கஜம் கூடுதல் என்று வந்தவை, ஒரு முழம் கீழே. சித்திரையில் வந்த ஹோஷினா மட்டையின் பந்துகள் கொஞ்சம் தணிவாக, ஆனால் நூல் பிடித்த மாதிரி ஒரே மட்டத்தில். கார்வர் கம்பெனி மேனேஜர் டை கட்டிக்கொண்டு வந்து, எங்கள் பந்துதான் உயரத்தில் என்று போட்டோ எடுத்தார். ஹோஷினாக்காரர் வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, எங்கள் பந்து ஒன்றையொன்று இடிக்காமல் நிற்கிறது, அதுதான் நாகரிகம் என்றார். டீக்கடையில் கார்வர் கட்சி, ஹோஷினா கட்சி என்று இரண்டு பெஞ்சாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள், வாழ்க்கையில் ஒருநாளும் மட்டையைத் தொடாத ஆட்கள், பேச்சு முற்றி டம்ளர் உடைந்ததும் உண்டு.

கிருபாகரனின் கை அந்த வருடம்போல ஒருநாளும் இருந்ததில்லை. மனிதக் கைக்கு இன்று ஒரு சந்தோஷம் நாளைக்கு ஒரு சலிப்பு இருக்கும், அதற்குத் தகுந்தாற்போல அடியும் மாறும்; அவருக்கு ஒன்றும் இல்லாததால் அடியும் மாறவில்லை. முதல் அடியும் நூறாவது அடியும் ஒரே அச்சு. சார் கைக்கு ஈடு கிடையாது, கம்பெனி மெஷினே தோற்றுவிடும் என்று எல்லாரும் புகழ்ந்தார்கள், அவர் தலையாட்டினார். தினமும் மூன்று மணிக்குப் போய், அடித்து முடித்துவிட்டு, வேலிக்குப் பக்கத்தில் தணிவாகத் தனியே நின்ற அந்த மஞ்சள் பந்தின் கீழ் போய்க் கொஞ்ச நேரம் நிற்பார். அதன்மேல் காக்கை உட்கார்ந்தால் மட்டும் கை தட்டி விரட்டுவார். வேறெதற்கும் அவர் கை தட்டி யாரும் பார்த்ததில்லை.

கார்த்திகையில், சொன்ன சொல் தவறாமல் பத்து மாதம் தாமதமாக, செல்லாண்டி மட்டை வந்தது. கொண்டுவந்தவர் அவர்கள் இஞ்சினியர் திருமூர்த்தி, வெள்ளந்தியான மனிதர், பெயிண்ட் ஒட்டிய கையோடு கும்பிட்டார். ஐயா, நீங்கள் தனியாக அடித்துப் பார்ப்பதைவிட நானும் கூட ஆடுகிறேனே, எனக்கும் ஒரு ஆசை என்றார். பத்து மாதமாக அவரோடு யாரும் ஆடியதில்லை. திருமூர்த்தி முறைப்படி தன் கார்டை அவர் கையில் கொடுத்து அவர் கார்டைத் தான் வாங்கிக்கொண்டார். கிருபாகரன் செல்லாண்டி மட்டையால் அடித்தார், பந்து போய் மற்றவற்றின் நடுவே நின்றது. கிளப் வராந்தாவில் ஊரே கூடி நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

திருமூர்த்தி கண்ணைச் சுருக்கிப் பார்த்து, பேனாவைத் திறந்து, "ஐயாவுக்கு ஒன்னுங்க" என்றார்.

பந்து பொத்தென்று விழுந்தது.

வராந்தா முழுக்கச் சிரித்தது. கோயம்புத்தூர் மட்டை என்றால் அப்படித்தான், நிற்கக்கூடத் தெரியாத பந்து என்றார்கள். கார்வர் கட்சியும் ஹோஷினா கட்சியும் அன்றைக்கு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தன. திருமூர்த்தியின் முகம் செத்துப்போய்விட்டது. எங்கே தப்பு பண்ணினோம், எடையிலா வளைவிலா என்று மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் பாவம். கிருபாகரனின் அடுத்த அடியை அவர் மனசொடிந்து எண்ண மறந்துபோனார், அது நின்றுகொண்டது. ஒன்று விழுகிறது ஒன்று நிற்கிறது, நம்ப முடியாத மட்டை என்று அதற்கும் சிரித்தார்கள். கிருபாகரன் ஒருவர்தான் சிரிக்காமல் விழுந்த பந்தைத் திரும்பிப் பார்த்தார்.

அவருக்குப் புரிந்துவிட்டது. மட்டையுமில்லை காற்றுமில்லை, எண்ண ஆளில்லாமல் நின்ற பந்துகள் அவை. கூட ஆடியவர் ஒன்று என்று சொன்னார், அது விழுந்தது, அவ்வளவுதான் சங்கதி. அப்படியானால் வேலியோரம் நிற்கிற அந்த மஞ்சள் பந்து யார் எண்ணுவதற்காக நிற்கிறது என்பதும் புரிந்தது. இன்றைக்கு எனக்கு நீங்கள் எண்ணுங்கள் என்று சொல்லித்தானே அவள் மட்டையைத் தூக்கினாள். அவர் வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் போதும், அது இறங்கிவிடும். இறங்கிவிட்டால் அவள் ஆட்டம் முடிந்தது, முடிந்தே போனது. வருடம் முழுக்க ஒன்றும் இல்லாமல் கிடந்த நெஞ்சுக்குள் முதன்முதலாகப் பயம் வந்து உட்கார்ந்தது. அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. திருமூர்த்தியிடம் மட்டும், உங்கள் மட்டையில் ஒரு குறையும் இல்லை தம்பி, என்னை நம்புங்கள் என்றார். சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு அந்த மனிதர் பஸ் ஏறினார்.

அதற்கப்புறம் கிருபாகரன் பேச்சையே குறைத்துவிட்டார். எங்கே வாய் தவறி அந்தச் சொல் வந்துவிடுமோ என்று கடையில் முட்டை வாங்கும்போதுகூட எண்ணிக் கேட்காமல் விரலைக் காட்டினார். செல்வமேரி இட்லி போதுமா இன்னும் ஒன்று வைக்கட்டுமா என்று கேட்டால் தட்டை நகர்த்துவார். மஞ்சள் பந்தின் கீழ் நிற்கிற நேரம் மட்டும் கூடிக்கொண்டே போனது. பனி இறங்கிய பிறகும் மப்ளரைச் சுற்றிக்கொண்டு நின்றார்.

மார்கழிக் கடைசியில் கிளப் செயலாளர் லிங்கையா அவரைக் கூப்பிட்டனுப்பினார். லிங்கையா கெட்ட மனிதர் இல்லை, எதையும் ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறவர், அவ்வளவுதான். வருகிற வருடத்துப் புது மட்டையை கார்வர்காரர்கள் இங்கேயே, தை ஒன்றாம் தேதியே, பந்தல் போட்டு வெளியிடப்போகிறார்கள், பழைய வருடத்துப் பந்தெல்லாம் இப்படி மேலே அடைத்துக்கொண்டு நின்றால் புதுசை எங்கே நிறுத்துவது, எதனோடு எதை ஒப்பிடுவது என்றார். எஸ்டேட்டில் குரங்கு விரட்டுகிற ஆட்கள் இரண்டு பேர் ஏர்கன்னோடு நாளைக் காலையில் வருகிறார்கள், மத்தியானத்துக்குள் வானத்தைத் துப்புரவு பண்ணிவிடுவார்கள், உங்கள் ஒப்பீட்டையும் இன்றைக்கே அனுப்பிவிட்டால் நல்லது, நந்தகோபால் நாலு தரம் போன் பண்ணிவிட்டார் என்றார்.

கிருபாகரன், ஒரே ஒரு பந்தை விட்டுவிடச் சொல்ல முடியுமா என்று கேட்டார், வேலியோரம் தணிவாக நிற்கிற பழசு, அது ஜெபராணியுடையது.

"எனக்கு ஆட்சேபணை இல்ல சார். ஆனா சுடுறவனுக்கு எது எந்தப் பந்துன்னு எப்படித் தெரியும்?" என்றார் லிங்கையா. உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ஒப்பீட்டை எழுத உட்கார்ந்தார். கார்வர் உயரம், ஹோஷினா நேர்த்தி, செல்லாண்டி உறுதி என்று எழுதிவிட்டு, அதற்கு மேல் போகவில்லை. உயரத்தில் என்ன இருக்கிறது, எல்லாம் எங்கே விழும் என்றல்லவா சொல்ல வேண்டும், விழுவதை யார் பார்த்தார்கள். நாளைக்கு எவனோ ஒருவன் குறி பார்த்துச் சுடுவான், அந்தப் பந்து நாலு துண்டாகச் சிதறி நூற்றுக்கணக்கான பந்துகளுக்கு நடுவே எங்கேயோ விழும், அவள் அடித்தது எங்கே போய்ச் சேர வேண்டியது என்பது உலகத்தில் யாருக்கும் தெரியாமலே போய்விடும். அவள் கேட்டுவிட்டுப் போனது ஒன்றே ஒன்று. அதைக்கூடப் பார்த்துச் சொல்ல முடியாத மனுஷனா நான் என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. காகிதத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

மணி மூன்று. பால் கிரேட் கவிழ்ந்தபடியே கிடந்தது, மேலே பாசி. போஜன் காட்டில் மருந்தடித்துக்கொண்டிருந்தவர் கையைத் தூக்கி வணக்கம் வைத்தார். கிருபாகரன் ஒருநாளும் இல்லாமல் கிரேட்டின் மேல், அவள் உட்காருகிற பக்கமாகவே உட்கார்ந்து, பந்தைப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் மைதானம் வேறாக இருந்தது. அடிக்கிறவனின் முதுகும், அதற்கப்பால் பந்து போகிற வழி முழுக்கவும் தெரிகிற இடம் அது. இருபது வருடம் இங்கேயிருந்து என் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்று தோன்றியது. சொல்ல வாயெடுத்துச் சத்தம் வராமல், கனைத்து, மறுபடி முயன்றார்.

"ஜெபராணிக்கு ஒன்னு" என்றார்.

மஞ்சள் பந்து கொஞ்சம் யோசித்த மாதிரி இருந்தது. அப்புறம், ஒரு வருடத்துக்கு முன்னால் விட்ட இடத்திலிருந்து தன் வழியைத் தொடர்ந்து, முன்னோக்கிச் சரிந்து, வேலியைத் தாண்டி, போஜன் காட்டின் இரண்டாம் பாத்தியில் ஈர மண்ணில் விழுந்தது. வேலியைத் தாண்டி. கார்வரும் ஹோஷினாவும் தாண்டாத வேலியை, பெயர் தேய்ந்த மட்டையால், முதல் அடியிலேயே. கிருபாகரன் ஓடினார். ஐம்பத்து நாலு வயதில் அவர் ஓடி ஊர் பார்த்ததில்லை. பந்தை எடுக்காமல், குனிந்து நன்றாகப் பார்த்துக்கொண்டார், இந்தப் பாத்தி, இந்த வரிசை, இந்தச் செடிக்குப் பக்கம். போஜன் மருந்து டப்பாவோடு வாயைத் திறந்துகொண்டு நிற்க, திரும்பி வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தார்.

அடுப்படிக்குள் போய், என்ன நினைத்தாரோ, காலையில் செல்வமேரி வைத்துவிட்டுப் போன பாலை எடுத்து அடுப்பில் வைத்துப் பற்றவைத்தார். பால் காய்கிற சத்தம் கேட்கிற வரைக்கும் நின்றார்.

"ராணி, விழுந்துருச்சு" என்றார். "வேலியத் தாண்டிருச்சு. போஜன் காட்டுல ரெண்டாவது பாத்தி. எரநூத்தி இருவது கஜம் இருக்கும், குறையாது. எல்லாக் கம்பெனியையும் நீ தூக்கிச் சாப்பிட்டுட்ட."

சொல்லி முடித்ததும் அடக்கத்தன்று வராதது, மூன்றாம் நாள் வராதது, வருடம் முழுக்க வராதது மொத்தமாக வந்தது. அடுப்படியில் அவள் கிடந்த அதே இடத்தில் உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி ஓ என்று அழுதார், அடுத்த வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த செல்வமேரி முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து வாசற்படியில் நின்று, உள்ளே வராமல், தானும் அழுதாள். பால் பொங்கி வந்தது. அழுதுகொண்டே எட்டி, வழிவதற்குள் அடுப்பை அணைத்தார்.

அப்போது வெளியே பொத்தென்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. ஜன்னல் வழியாகப் பார்த்தால், உச்சியில் நின்ற கார்வரின் நீல வரிசை, தை மாதத்தில் அடித்த முதல் பந்திலிருந்து, அடித்த முறைப்படியே ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. போஜன் மனைவி அன்னக்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு காட்டிலிருந்து ஓடினாள், காக்கைகள் உட்கார இடமில்லாமல் கத்தின. நீலம், சித்திரையில் அடித்த ஹோஷினா, ஆடியில் அடித்த சிவப்பு, கடைசியில் திருமூர்த்தி எண்ண மறந்த செல்லாண்டியும். உயரத்தில் நின்றது தணிவாக நின்றது என்ற பேதமில்லாமல் எல்லாம் போஜன் வேலியோரமாக, வேலிக்கு இந்தப் பக்கமாக, ஒரே இடத்தில் வந்து குவிந்தன. அந்த வருடத்து ஒப்பீடு இவ்வளவுதான், அப்புறம் நந்தகோபாலுக்கு அவர் இதையே எழுதி அனுப்பினார், அவரும் வேறு வழியில்லாமல் போட்டார். கிளப் வராந்தாவிலிருந்து எல்லாரும் இறங்கிவந்து பார்த்தார்கள், லிங்கையா ஏர்கன் ஆட்களுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட ஆள் அனுப்பினார், யார் எண்ணுகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பந்துகள் விழுகிற வேகம் கூடிக்கொண்டே போனது, ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே மூச்சு விடக்கூட நேரமில்லை, பால் சொசைட்டி வரிசையில் காலை நேரத்தில் கேட்கிற அதே வேகம். கிருபாகரன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"மெதுவாச் சொல்லு ராணி" என்றார். "எழுத வேண்டாமா."